பேதுரு மன்னிப்புக் கேட்கச் சொன்னாரா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘அப்பாலஜெட்டிக்ஸ் என்றால் மன்னிப்புக் கேட்பது. தங்கள் நம்பிக்கைக்காக மன்னிப்புக் கேட்கும்படி பைபிளே கிறிஸ்தவர்களுக்குச் சொல்கிறது. ஆதாரம் 1 பேதுரு 3:15.’

தவறு. அப்பாலஜெட்டிக்ஸ் என்பது நம்பிக்கைக்குக் காரணம் சொல்லி வாதாடும் துறை. நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்பதுதான் பேதுருவின் வசனம். அதில் ‘பதில்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘அப்போலோகியா’. வழக்குமன்றத்தில் ஒருவர் தன் தரப்பைச் சொல்லும் பதில் அது. கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதற்கும் இதே பெயர்தான். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ‘அப்பாலஜி’ முதலில் தற்காப்பு வாதம் என்ற பொருளில்தான் நுழைந்தது. ‘சாரி’ கேட்பது அப்புறம் ஒட்டிக்கொண்ட பொருள்.

பழைய தமிழ் பைபிளில் இந்த இடத்தில் ‘உத்தரவு சொல்ல’ என்று இருக்கும். இன்று உத்தரவு என்றால் கலெக்டர் போடுவது! அங்கே அந்தச் சொல்லுக்கு ‘பதில்’ என்று பொருள். ஆங்கிலச் சொல் மட்டுமா, நம் சொல்லும் இடம் மாறித்தான் இருக்கிறது.

இதே மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட போர்ச்சுகீசியப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தன் நம்பிக்கையை விடவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டிருந்தால் 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் எதற்கு?

சரி, மன்னிப்புக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. பதிலைச் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ சொல்லச் சொல்கிறது அதே வசனம். டீக்கடை விவாதத்தில் அடுத்தவர் சாமியை இழுத்துப் பேசிவிட்டால், பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். நம்பிக்கைக்கு அல்ல.