கேதத்துக்கு ஆள் அனுப்புவதில்லை

சித்தப்பா அடக்கத்தன்று நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு, பிதா குமாரன் பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவம் பொய் என்று அண்ணன் அங்கே பேசிய அந்த நாலு நிமிஷ வீடியோ வந்து சேர்ந்திருக்கும். இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை. குடும்ப விஷயம், பேசிப் பெரிதாக்காதே என்று வீட்டுக்காரரும் சொன்னார். நேற்று ராத்திரி அதே வீடியோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் மறுபடி போட்டு, "சத்தியத்துக்குப் பதில் இல்லாத சபையார்" என்று தலைப்பும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையாரில் என் சித்தியும் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன்.

இயேசு தேவனா, தேவனுடைய குமாரன் மட்டுமா, திரித்துவம் வேதத்தில் இருக்கிறதா என்று யாரும் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகப் பேசுங்கள். ஆனால் எங்கள் ஆலயப் போதகர் ஐயர் ஜெபத்தை முடித்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போன அந்த நிமிஷத்தில், பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இந்த மூணு பேர் கணக்கெல்லாம் கான்ஸ்டன்டைன் ராஜா 325-ல கொண்டுவந்தது, இயேசுவும் ஒரு சிருஷ்டிதான், அவர்கிட்ட ஜெபம் பண்றது விக்கிரகாராதனை" என்று பேசுவதற்கு எந்த வேதமும் இடம் கொடுக்கவில்லை அண்ணே.

சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. சித்தி முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பேச ஆரம்பித்ததும் அந்தக் கை நின்றது. பேசி முடிக்கும்வரை துடைக்கவில்லை, கண்ணாடி முழுக்க மூடிப்போயிற்று. பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இத்தன வருசம் நான் யார்ட்டம்மா ஜெபம் பண்ணேன்?"

வீடியோவில் அது இல்லை.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் நானும் கூட இருந்தேன். உள்ளே ஒரு ஆளைத்தான் விடுவார்கள். சித்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீளமாக ஜெபிக்க அவளுக்கு வராது. "இயேசப்பா, கூட இரு. இயேசப்பா, கூட இரு." இவ்வளவுதான். மூக்கில் குழாய் இருந்ததால் சித்தப்பாவால் பேச முடியாது, உதடு மட்டும் அதையே சொல்லும். அது விக்கிரகாராதனையாம்.

சரி, 325-க்கு வருவோம். 325-ல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்துக்கு 2025-ல் 1700 வருஷம் நிறைந்தது என்று எங்கள் ஆலயத்திலேயே சொன்னார்கள், அதனால் நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் மிகப் பெரியவர்தான், ஆனால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று போதித்தார். அதைப் பற்றிப் பேசத்தான் ஏறக்குறைய 300 ஆயர்கள் நிசேயாவில் கூடினார்கள். கூட்டியது ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், அது உண்மை. ராஜா சொன்னார், சபை தலையாட்டியது என்பது உண்மை இல்லை. அந்த ராஜாவே பின்னால் மனம் மாறி ஆரியுஸை நாடுகடத்தலிலிருந்து திரும்ப அழைத்தார். 337-ல் சாகக் கிடந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸ் பக்கம் நின்ற நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுஸ். அவருடைய மகன் கான்ஸ்டன்ஷியஸ் வெளிப்படையாகவே அந்தப் பக்கம். நிசேயாவின் விசுவாசத்துக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸை ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அரண்மனைதான் தீர்மானித்தது என்றால் இன்றைக்கு நாம் எல்லாரும் ஆரியுஸ் சொன்னதை அல்லவா சொல்லிக்கொண்டிருப்போம்?

இன்னொன்றும் படித்தேன், படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நிசேயா இருந்தது பித்தினியா நாட்டில். அதே பித்தினியாவுக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்னால், 112-ஐ ஒட்டி, பிளினி என்பவர் ரோம ஆளுநராக இருந்தார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகவே வைத்துப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார். சபையில் ஊழியக்காரிகளாக இருந்தவர்கள். பேர்கூட எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குக் கான்ஸ்டன்டைனைத் தெரியாது. குமாரன் பிதாவோடு ஒரே தன்மை என்று நிசேயாவில் வைத்த வார்த்தை தெரியாது. ஆனால் யாரிடம் பாடினோம் என்று தெரியும். என் சித்திக்கும் தெரியும் அண்ணே.

அதற்கும் முன்னால் முதல் இரத்தசாட்சி ஸ்தேவான். கல்லெறிபட்டுச் சாகும்போது, "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்கிறான். அப்போஸ்தலர் 7:59. சாகிறவன் ஒரு சிருஷ்டியிடமா தன் ஆவியை ஒப்புக்கொடுப்பான்?

இப்போது ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். என் அப்பா 1998-ல் செத்தார். அம்மா வழியில் பெரிய வசதிக்காரரான மாமா ஒருவர், ஊரில்தான் இருந்தார், வரவில்லை. டிரைவரிடம் ஆளுயர ரோஜா மாலையும் ஒரு கவரில் பணமும் கொடுத்து அனுப்பினார். வந்த மாலைகளிலேயே அதுதான் பெரியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அதை அப்பா மேல் போடவிடவில்லை, திண்ணையிலேயே கிடந்து சாயங்காலம் ஆடு தின்றது. அதே நாள் சித்தப்பா வந்தார். ஈரோட்டில் ரயில்வே பாயின்ட்ஸ்மேன் வேலை, ராத்திரி டூட்டி முடித்து, சட்டைகூட மாற்றாமல், அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கையில் மாலை இல்லை. அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சட்டையில் அடித்த கிரீஸ் வாடை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நம்ம ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணத்துக்கு மொய்யைக் கொடுத்தனுப்பலாம். கேதத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது. நேரில் வந்து உட்கார வேண்டும்.

நான் திரித்துவத்தை விசுவாசிக்கிறேன் என்றால் இதைத்தான் விசுவாசிக்கிறேன். மனுஷன் செத்துக் கிடந்த வீட்டுக்குத் தேவன் ஆள் அனுப்பவில்லை. தானே வந்தார். ஆரியுஸ் சொன்னது சரியென்றால் சிலுவையில் தொங்கியது ஒரு நல்ல டிரைவர். மாலை எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

"பிதா குமாரனை அனுப்பினார் என்று வேதமே சொல்கிறதே, அப்போது ஆள் அனுப்பியதுதானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நிசேயாவில் அத்தனை பேர் ஒரு வார்த்தைக்காக மல்லுக்கட்டியது இதற்காகத்தான். பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். கத்தோலிக்கர்கள் தந்தையோடு ஒரே பொருளானவர் என்பார்கள். அனுப்பப்பட்டவர் வேறு தன்மை என்றால் அது ஆள் அனுப்புவது. ஒரே தன்மை என்றால் அனுப்பியதும் வந்ததும் ஒரே தேவனுடைய காரியம். தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் வாசமாயிருக்கிறது என்று பவுல் எழுதினதும் இதைத்தான். கணக்கு வாத்தியார் மாதிரி ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று என்று விரல் விட்டுக் காட்டினீர்களே, இது அந்தக் கணக்கில்லை அண்ணே. மத்தேயு 28:19-ல் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லிவிட்டு நாமத்திலே என்று ஒருமையில்தான் இருக்கிறது. நாமங்களிலே என்று இல்லை.

நீங்கள் சொன்னதில் ஒன்று சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். 1 யோவான் 5:7. பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கும் வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுப் போட்டபோது அதைச் சேர்க்கவில்லை, நெருக்கடி வந்து 1522-ல் சேர்த்தார். நம் சபையில் இதைச் சொல்லிக்கொடுக்காதது தப்புதான். ஆனால் அந்த வரி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே பிளினி அந்தக் கடிதத்தை எழுதிவிட்டார். வரியை எடுத்துவிடுங்கள். இயேசுவைப் பற்றி யோவான் எழுதிய, ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது என்பதை எடுப்பீர்களா? காயத்தைப் பார்த்துவிட்டுச் சீஷன் தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னபோது இயேசு ஏன் திருத்தவில்லை? தோமா நம் நாட்டுக்கு வந்தவர் என்று அவர் பேரில் மலையே இருக்கிறது சென்னையில்.

திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லை என்பதும் சரி. தெர்த்துல்லியன் என்ற பழைய சபை எழுத்தாளர் 200-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய சொல் அது. சொல் பிந்தி வந்தது, விசுவாசம் முந்தி வந்தது. அவ்வளவுதான்.

"என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்", "அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார்" இவற்றைத்தான் குரல் உயர்த்தி வாசித்தீர்கள். இந்த வசனங்களை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. மனுஷனாக வந்தவர் மனுஷனாகவே வந்தார். பசித்தது, தூங்கினார், அழுதார். தேவனுடைய ரூபமாயிருந்தும் தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியரில் இருக்கிறது. யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்தவரைப் பார்த்து இவர் நம்ம வீட்டுப் பெரியவர் இல்லை என்று சொல்வீர்களா?

லாசருவை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை இருந்த இடத்திலிருந்தே ஒரு வார்த்தையால் சுகமாக்கியவர் பெத்தானியாவுக்கு நேரில் போனார். செத்து நாலு நாள் ஆகியிருந்தது. மார்த்தாளும் மரியாளும், நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்றார்கள். எழுப்பப்போகிறார் என்று தெரிந்தும் அழுதார். இயேசு கண்ணீர் விட்டார். யோவான் 11:35. அந்தக் கேத வீட்டில் அழுதது தேவன் என்று நான் நம்புகிறேன். அது ஒரு சிருஷ்டியின் கண்ணீர் மட்டும்தான் என்றால் எனக்கு அதனால் என்ன?

"நீ ஸ்கூல் டீச்சர், உனக்கு எதற்கு இறையியல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது, படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், தெரியும். ஆனால் சித்தி கேட்டது என்னிடம்.

"உண்மையைச் சொல்ல நேரம் காலம் உண்டா" என்று இன்னொருவர். உண்டு. இருபது வருஷமாகச் சித்தப்பா எல்லிஸ் நகர் வீட்டில்தான் இருந்தார்.  அப்போது வந்து இதைச் சொல்லியிருக்கலாம், பதிலுக்குப் பேச அவருக்கு வாய் இருந்தது. பெட்டிக்குள் இருக்கிறவரிடம்தான் ஜெயிக்க முடியுமா?

ஏதோ புதிதாகத் தோண்டி எடுத்த சத்தியம் போல அண்ணன் பேசியதும் எனக்கு வலித்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் தேவன் ஒருவரே, திரித்துவம் இல்லை என்று ஒரு சபையே நடத்தினார். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களின் சொந்த நாட்டிலும், மாசசூசெட்ஸில், இதே கேள்வியில்தான் அவர்கள் சபைகள் அப்போது உடைந்திருந்தன. கேள்வி தெரியாமல் நம் பாட்டன் பூட்டனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றவில்லை. தெரிந்துதான் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி ஊற்றினார்கள்.

வேறு நம்பிக்கைக்காரர்களையே சகிக்க முடியாதவள் என்று என்னை நினைக்க வேண்டாம். காஜிமார் தெருவிலிருந்து சித்தப்பாவோடு வேலை பார்த்த பாய் வந்திருந்தார். ஈசா நபி, அதாவது இயேசு, தெய்வம் இல்லை என்பதுதான் அவர் ஈமான், சித்தப்பாவோடு டீக்கடையில் மணிக்கணக்காக இதைப் பேசியிருக்கிறார். அன்று எதுவும் பேசவில்லை. ஐயர் ஜெபம் செய்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். தூக்கும்போது முன்னால் வந்து தோள் கொடுத்தார். அவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான் அண்ணே. அவரால் சித்தி அழவில்லை.

நீங்களும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். திடப்படுத்தலுக்கு ஒரே வகுப்பில் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணம் படித்தோம், எனக்கு ஒரு வரி மறந்தால் பக்கத்திலிருந்து முணுமுணுத்து எடுத்துக்கொடுத்ததே நீங்கள்தான். எப்போது இவ்வளவு தூரம் போனீர்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை. உங்கள் வீட்டில் கஷ்டம் இருந்தபோது நாங்கள் யாரும் வந்து உட்காரவில்லையோ, இப்போது நீங்கள் போகிற அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் வந்தார்களோ. அதை நினைத்து இரண்டு நாள் அழுதேன்.

முந்தாநாள் சித்திக்கு நாற்பது பக்க பிடிஎஃப் அனுப்பியிருக்கிறீர்கள். அவளுக்குப் போனில் எழுத்து தெரியாது. நான் வாசித்துக் காட்டவில்லை.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பதாம் நாள் ஜெபம். ஐயர் வருகிறார், பாய் வருகிறார். பிடிஎஃப் வேண்டாம் அண்ணே, நேரில் வாங்க. உங்களுக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாகக் காப்பி போடச் சொல்லியிருக்கிறாள் சித்தி.