எரிந்த சுருளும் இரண்டாம் பிரதியும்

எழுத மனம் வராத நாளிலும் ஜெபித்துவிட்டு மேசைக்கு வாருங்கள் என்று எழுதுகிறவர்களுக்கான உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் எழுதி முடித்ததை யாரும் வாங்கிக்கொள்ளாத நாளில் என்ன செய்வது என்பதையும் தொட்டிருக்கலாம். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய நாவலை ஒரு பதிப்பகம் ஒரு வரி பதிலோடு திருப்பி அனுப்பியபோது ஆறு மாதம் பேனாவைத் தொடவில்லை.

அப்போது என்னைத் தூக்கி நிறுத்தியது வேதாகமத்தின் எரேமியா 36-ஆம் அதிகாரம். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் மையினால் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காலத்தில் கணப்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று நாலு பத்தி வாசிக்கக் கேட்டதும் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான், முழுச் சுருளும் சாம்பலாகிற வரைக்கும். கர்த்தர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, வேறொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுது என்கிறார். பாருக்கும் எழுதுகிறான், முந்தினதைவிட அதிகமான வார்த்தைகளோடு! இந்த இடத்தை எத்தனை முறை வாசித்திருப்பேனோ தெரியாது.

அப்புறம் நம் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையும் நினைத்துக்கொள்வேன். 1827-இல் பிறந்தவர், அவருடைய காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894-இல். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள், அத்தனையும் மரபுச் செய்யுள். அறுபத்தேழு வயதில்தான் அதைப் புத்தகமாகக் கையில் பிடித்திருக்கிறார்.

என் நாவலை இப்போது முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு வேதாகமத்தில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு ஒரு பக்கம்.