கட்டிலுக்கடியில் ஒரு வால்

(கிருஷ்ணகிரி, பழையபேட்டை. அத்தையின் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழுப்பு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை இடுப்பில் கை வைத்து நிற்கிறார். மருமகள் வினோதா கையில் ஒரு ஃபைல். நாயைவிட ஃபைல் கனம்.)

அத்தை: என்னடி இது?

வினோதா: நாய், அத்தை.

அத்தை: அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன். எங்க தேன்கனிக்கோட்டையில ராகிக் கொல்லைக்கு யானையே வரும். தானா வரும். கையெழுத்துப் போட்டு யாரும் கூட்டிட்டு வந்ததில்ல.

வினோதா: பாவம் அத்தை. பெங்களூர்ல யாரோ வளர்த்துட்டு, ஹைவேஸ்ல இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. காப்பகத்துல இருந்துச்சு.

அத்தை: சாதி நாயா?

வினோதா: கலப்பு. முகம் லேப்ரடார். காலு ராஜபாளையம் மாதிரி. வாலு யாரோடதுன்னு டாக்டருக்கே புரியல.

அத்தை: காதுல ஒரு துண்டைக் காணோமே? சேதாரமானதைத் தள்ளி விட்டுட்டாங்களா?

வினோதா: கருத்தடை பண்ணினதுக்கு அடையாளம் அத்தை. மயக்கத்துல இருக்கும்போதே நுனியை வெட்டிடுவாங்க. இல்லன்னா மறுபடியும் பிடிச்சுட்டுப் போய் வயித்தைக் கிழிப்பாங்கல்ல.

அத்தை: நல்ல ஏற்பாடு. நம்ம தெருவுல சில ஆம்பளைங்களுக்கும் பண்ணியிருக்கலாம். வெறிநாய் ஊசி?

வினோதா: போட்டாச்சு. வருஷா வருஷம் போடணும்.

அத்தை: சரி, ராத்திரி சாம்பார் சோறு மிச்சமிருக்கு...

வினோதா: ஐயோ, வெங்காயம் பூண்டு ஆகாது! ரத்தத்தைக் கெடுத்துடும். திராட்சை, சாக்லேட்டைக் கண்ணுலயே காட்டக் கூடாது.

அத்தை: வெங்காயம் பூண்டு இல்லாமலா? அப்ப இந்த வீட்டுல தினமும் அமாவாசையா? மாம்பழமாவது திங்குமா?

வினோதா: கொட்டையை எடுத்துட்டுக் கொஞ்சமா. கொட்டையை முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும்.

அத்தை: தப்பிச்சுது. மாங்கூழ் கம்பெனி ஊருக்கு வந்துட்டு மாம்பழம் ஆகாதுன்னா எப்படி? களி?

வினோதா: உப்பில்லாமக் கிண்டினா தாராளமா.

(அத்தையின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை. நாய் மேல்தான்.)

வினோதா: ஆனா இப்ப எதுவும் திங்காது. கூப்பிட்டா வரவும் மாட்டேங்குது. மூணு நாள் பயப்படுமாம், மூணு வாரத்துல பழகுமாம், மூணு மாசம் ஆனாத்தான் நம்ம வீடுன்னு நெனைக்குமாம்.

அத்தை: நீ வந்து மூணு வருஷமாச்சு. ஃபோனை எடுத்துட்டு இன்னும் மொட்டை மாடிக்குத்தான் ஓடுற.

வினோதா: (காதில் விழாத மாதிரி) மணி! வா! வாடா செல்லம்!

(வால்கூட அசையவில்லை.)

அத்தை: பெங்களூர்ல வளர்ந்த நாயைத் தமிழ்ல கூப்பிட்டா? நகரு. (குனிந்து) ஏய்... பா இல்லி! பாரோ!

(தூசி தட்டிக்கொண்டு நாய் வெளியே வருகிறது.)

அத்தை: கூத்கோ!

(உட்காருகிறது.)

வினோதா: அத்தை!

அத்தை: உன் மாமனார் இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லி உக்காந்ததில்ல. (தலையைத் தடவுகிறார்) கண்ணைப் பாரு, மசி தீட்டின மாதிரி.

(நாய் ஒரே தாவில் கட்டிலில் ஏறி, அத்தையின் தலையணையில் மோவாயை வைக்கிறது.)

வினோதா: ஐயையோ, புது பெட்ஷீட்! இறங்கச் சொல்லுங்க அத்தை, கன்னடத்துல!

அத்தை: அந்த வார்த்தை மட்டும் மறந்துபோச்சுடி. போ, போய்க் களிக்கு உலை வை.