கண் பயிற்சி கண்ணாடியைக் கழற்றாது

"தினமும் கண் பயிற்சி செய்தால் கண்ணாடியே வேண்டாம், விடிய விடிய காதல் மர்ம நாவல் படித்ததால்தான் பவர் ஏறியது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படிப்பவர்கள் நம்பிவிடக்கூடாது என்பதால் சொல்கிறேன்.

கிட்டப்பார்வையில் பெரும்பாலும் விழிக்கோளமே சற்று நீண்டிருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. விழியை எவ்வளவு உருட்டினாலும் அந்த நீளம் குறையாது. கண்ணின் வெளித்தசைகள்தான் பார்வையைக் குவிக்கின்றன என்று கண் பயிற்சியைப் பரப்பிய அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் சொன்னது தவறு. தூரத்துக்கு ஏற்பக் குவிப்பை மாற்றுவது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ். அதன் வளைவை மாற்றுவது அதைச் சுற்றியுள்ள சிலியரித் தசை. கிட்டத்தில் பார்க்கும்போது இரு கண்களும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பாத குறைக்கு மருத்துவர்களே பயிற்சி தருவார்கள், அது வேறு விஷயம்.

நாவலை விடவேண்டாம். கதையில் மூழ்கினால் இமைப்பது குறையும், கண் வறண்டு எரியும்; பெரியவர்களுக்கு அது நிலையான சேதமில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 நொடி பாருங்கள். கதாநாயகி காதலிப்பவனே கொலையாளியா என்று தெரியப்போகிற பக்கத்தில் நிமிர மனசு வராது. பரவாயில்லை, அத்தியாயம் முடிந்ததும் நிமிருங்கள். பயிற்சியை நம்பிக் கண்ணாடி இல்லாமல் வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.