பாதரசத்துக்கு மாத்திரை பதிலாகாது

மீனில் கலந்திருக்கும் பாதரசத்தைப் பற்றி யார் எழுதினாலும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கக் கிழக்குப் பின்லாந்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்குள்ள குவோப்பியோ வட்டாரத்தில் இதயநோய் இல்லாத 1,833 நடுவயது ஆண்களின் தலைமுடியில் பாதரசத்தை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த யுக்கா சலோனென் குழுவினர், 1995-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு கிராம் முடியில் 2 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ பாதரசம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மீனில் பெரும்பாலும் இருக்கும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம், உடலுக்குள் கந்தகத்தையும், செலினியம் என்னும் நுண்ணூட்டத் தாதுவையும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் உடலே உருவாக்கும் ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோனும் செலினியம் சார்ந்த நொதிகளும் முடங்க, கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து இரத்தக்குழாய்ச் சுவரில் படிவது எளிதாகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பின்லாந்து மண்ணில் செலினியம் மிகக் குறைவு என்பதால், 1980-களின் நடுவிலிருந்து அந்நாட்டு அரசு உரத்திலேயே அதைச் சேர்த்து, தானியம், பால், இறைச்சி வழியாக மக்களிடம் கொண்டு சேர்த்தது. (தட்டில் வைப்பதற்கு முன் வயலில் வைத்த இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.) ஆனால் செலினியக் குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. 2011-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், செலினியம் குறைவாக இருந்தவர்களிடம்கூடப் பாதரசத்துக்கும் இதயநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

மாத்திரைக்கு வருவோம். அதே பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் ஆகிய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைச் சோதித்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது 1994-இல் தெரியவந்தது. அது பாதரசத்துக்கான சோதனை அல்லதான். ஆயினும், தீங்கில்லை என்று நம்பி விழுங்கும் மாத்திரையும் தீங்கு செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உணவின் கதை வேறு. பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில், ஒரே அளவு மீன் உண்ட பெண்களிலும் பழம் அதிகம் உண்டவர்களின் முடியில் பாதரசம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வு இதயத்தை அளக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே பழத்தையும் கீரையையும் தாராளமாக உண்ணலாம். பாதரசத்தை முறிக்கும் மருந்தாக மட்டும் அவற்றை எண்ணக் கூடாது.

உண்மையில் கைகொடுப்பது மீனைத் தேர்ந்தெடுப்பதுதான். சிறு மீனைத் தின்னும் பெரிய மீனின் உடலில் பாதரசம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் பைக் என்னும் வேட்டை மீனைக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் பெண்களும் உண்ண வேண்டாம் என்கிறது பின்லாந்து அரசு. குவோப்பியோ மக்கள் கோதுமை போன்ற ரை தானிய மாவுக்குள் பொதிந்து சுட்டு உண்ணும் முய்க்கு மீனோ விரல் நீளத்தைச் சற்றே தாண்டும் பொடி மீன்; அதில் பாதரசம் குறைவு. நம் சந்தையில் அந்த வரிசையில் நிற்பவை மத்தியும் நெத்திலியும். சுறா எதிர்வரிசையில் நிற்கிறது.