மஞ்சள் கட்டத்தில் மட்டும் உத்தமர்கள்

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒழுக்கம் ரத்தத்திலேயே ஊறியது, அதனால்தான் சாலைக் கோடுகளை மதிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். லண்டனில் வண்டி ஓட்டுகிறவனாக இதை ஏற்க முடியவில்லை.

இங்கே சந்திப்புகளில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்ட கட்டம் இருக்கும். பச்சை விளக்கு எரிந்தாலும், அந்தப் பக்கம் வெளியேற இடம் இருந்தால்தான் உள்ளே நுழையலாம். எதிரே வரும் வண்டிகளுக்காக நின்று வலப்பக்கம் திரும்புகிறவருக்கு மட்டும் விலக்கு. கேமரா இருந்தால் எல்லோரும் உத்தமர்கள்; மீறினால் போட்டோவோடு அபராதச் சீட்டு வீட்டுக்கே வந்துவிடுமே! கேமரா இல்லாத கட்டத்தில் நட்டநடுவில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ரேடியோவைத் திருகுவார்கள்.

ஆனால் 1951 முதல் இருக்கும் ஜீப்ரா கிராஸிங் கதை வேறு. கேமரா இல்லாவிட்டாலும் பெரும்பாலோர் நிற்கிறார்கள். லைசென்ஸ் தேர்வில் அதைக் கோட்டைவிட்டால் பெயில்தான். அப்புறம், கிராஸிங்குக்கு இருபுறமும் நெளிநெளியாக வெள்ளைக் கோடு. அங்கே வண்டியை நிறுத்தக்கூடாது, கிராஸிங்கை நெருங்கும்போது முன்னால் போகிறவரை முந்தக்கூடாது. நடந்து வருகிறவரை இன்னொரு வண்டி மறைத்துவிடக் கூடாதே, அதற்காக.

நெதர்லாந்தில் ஹான்ஸ் மோண்டர்மன் என்ற பொறியாளர் நேரெதிராக யோசித்தார். திராக்டன் நகரத்தின் முக்கியச் சந்திப்பில் சிக்னல்களையே எடுக்க வைத்தார். குழப்பம் இருந்தால் ஓட்டுநர் தானாக வேகத்தைக் குறைப்பார், அடுத்தவர் கண்ணைப் பார்ப்பார் என்பது அவர் கணக்கு. கார்க்காரர்களுக்குச் சரி. கண்ணைப் பார்க்கவே முடியாத பார்வையற்றவர்கள் என்ன செய்வது? இந்த முறைக்கு அவர்களிடமிருந்துதான் கடும் எதிர்ப்பு வந்தது.