எட்டில் ஒன்றுதான் வினை

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாங்களோ" என்கிறோம். அதற்குப் புத்தரையும் சாட்சிக்கு இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் சீவகர் என்ற துறவி புத்தரிடம் இதையேதான் கேட்டார். மனிதன் அனுபவிக்கிற எல்லாமே முன்வினையால்தான் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொன்னார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குவது, கடைசியாக வினைப்பயன். எல்லாவற்றுக்கும் வினையே காரணம் என்பது கண்கூடாகத் தெரிவதையே மீறிய பேச்சு, அது தவறு என்றும் சொன்னார். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் இது இருக்கிறது.

அவருடைய போதனையின் அடித்தளமே இதுதான். இது இருந்தால் அது உண்டாகும்; இது அற்றுப்போனால் அதுவும் அற்றுப்போகும். காரணங்கள் கூடி உண்டானது எதுவும் நிலைக்காது. நிலையாமையை நாம் "எல்லாம் மாயை, விடுப்பா" என்று கையைக் கழுவும் பேச்சாக்கிவிட்டோம். அவரோ துன்பத்துக்குக் காரணம் உண்டு என்றதோடு நிற்காமல், அது தீரும், தீர்க்க வழியும் உண்டு என்றார்.

சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்கு அனாத்மத்தை, அதாவது 'நான்' என்று நிலையான ஒன்று இல்லை என்பதை, விளக்கும்போதும், இந்த உடம்பு 'நான்' என்றால் அது நோய்ப்படாதே, "இப்படி இரு" என்று அதற்குக் கட்டளையிடவும் முடியுமே என்றுதான் தொடங்குகிறார். நம் கட்டளைக்கு அடங்காத உடம்பு நோயில் விழுந்தால், அதை அந்த மனிதரின் குற்றமாக எப்படி எழுதுவது? வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு (பௌத்தத் துறவி) ஒருவரைக் கண்டபோது, புத்தர் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இருவருமாகக் கழுவிக் கட்டிலில் கிடத்தினார்கள். கவனிக்காமல் விட்ட மற்ற பிக்குகளைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்.

சரி, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலும் மணிமேகலையிலும் முற்பிறவி வருகிறதே என்பார்கள். வருகிறது. வினையைப் புத்தர் மறுக்கவில்லை. ஆனால் மணிமேகலையில் காயசண்டிகையைப் பாருங்கள். முனிவருக்குரிய நாவற்கனியை மிதித்ததற்காகச் சாபம் பெற்று, யானைத்தீ என்னும் தீராப் பசியில் பன்னிரண்டு ஆண்டுகள் அலைகிறாள். அவள் பசிக்குக் காரணம் அவள் செயல்தான், கதையே அப்படித்தான் சொல்கிறது. அப்படியிருந்தும் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து அவள் கையில் இடுகிறாள். பசி அடங்குகிறது.